செஞ்சியிலிருந்து உளவியல் ஆலோசகர் ஆக

கேள்வி: உளவியல் ஆலோசனையில் முதுகலை படிப்போருக்குப் பயிற்சியும் வேலையும் எங்கே கிடைக்கும்?
- ஒரு வாசகர், செஞ்சி

பதில்: இத்துறையில் மதிப்பெண்ணைவிட, அனுபவசாலியின் மேற்பார்வையில் மனத்துயரோடு வருவோரிடம் பேசிய நேரமே கணக்கில் வரும். செஞ்சியில் கோட்டைக்குக் குறைவில்லை; இதற்கான களம்தான் குறைவு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றின் மனநலத் துறைகளைக் கல்லூரிக் கடிதத்துடன் அணுகிக் களப்பயிற்சி கேட்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையம், தன்னார்வலர்களைப் பயிற்றுவித்த பிறகே தொலைபேசியில் அமர்த்துகிறது. மாணவருக்கு இதைவிட நல்ல பள்ளி அரிது. 2022இல் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் (14416) வந்தபின் தொலைபேசி ஆலோசகர் பணியும் பெருகியது. பள்ளி, குடும்பநல நீதிமன்றம், போதை மீட்பு மையங்களிலும் இடமுண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. 2025 கல்வியாண்டு முதல் தொலைநிலையில் உளவியல் சேர்க்கையை யுஜிசி நிறுத்திவிட்டதால், நேரடி வகுப்பிலேயே சேர வேண்டும்.