அகராதியில் நம் வீட்டுச் சொற்கள்

கற்றல் நோக்கம்: ஒரு சொல்லுக்குப் பொருள்விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதக் கற்றல்.



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை கரமனை ஆற்றைக் கடந்து செல்கிறது. அவ்வாற்றின் கரையில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், வகுப்பறையில் ஆங்கிலம் என நாள்தோறும் மூன்று மொழிகள். அவற்றுள் ஆங்கிலச் சொற்களைக் கண்டு பலர் அஞ்சுவர். ஆயினும், அம்மொழியின் அகராதியில் நம் வீட்டுச் சொற்கள் சிலவும் இடம்பெற்றுள்ளன.

ஆங்கிலேயரின் பேச்சில் கலந்த இந்தியச் சொற்களை ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் ஆகிய இருவர் தொகுத்தனர். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். அத்தொகுப்பு 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் பெயரில் 1886-ஆம் ஆண்டு வெளிவந்தது. அறிந்த சொற்களிலிருந்தே நாமும் தொடங்குவோம்.

1. பொருள்விளக்கம் எழுதும் முறை

முதலில் அப்பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது எனக் கூறுக. பின்னர் அவ்வினத்தின் பிறவற்றிலிருந்து அது வேறுபடும் தன்மையைக் கூறுக. 'கட்டுமரம் என்பது கடலில் செல்வது' என்றால் கப்பலும் அதில் அடங்கிவிடும். 'மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யும் மீன்பிடி கலம்' என்பதே நிறைவான விளக்கம்.

எடுத்துக்காட்டு வாக்கியம் சொல்லின் பொருளைப் புலப்படுத்த வேண்டும். 'நான் கட்டுமரம் கண்டேன்' என்பது பொருளை உணர்த்தாது. 'மீனவர் மரங்களை இறுகப் பிணைத்துக் கட்டுமரத்தைக் கடலில் இறக்கினர்' என்பது உணர்த்தும்.

2. சொல்லும் பொருளும்

கட்டுமரம் – கேட்டமரான்: ஆங்கிலத்தில் இன்று இரண்டு உடற்பகுதிகளை இணைத்து அமைத்த படகு.
வாக்கியம்: இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் அலையில் எளிதில் சாயவில்லை.

கயிறு – காயர்: தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கும் நார். 'கயர்' என்னும் மலையாளச் சொல்லின் வழியே ஆங்கிலம் சென்றது. தமிழில் எல்லாக் கயிற்றையும் குறிக்கும் சொல்லின் உறவு, அங்கே தென்னை நாருக்கு மட்டும் உரியதாயிற்று.
வாக்கியம்: காயரால் பின்னிய மிதியடி வாயிலில் கிடக்கிறது.

தேக்கு – டீக்: நீரையும் கரையானையும் தாங்கும் உறுதியான மரம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான இச்சொல், போர்ச்சுக்கீசியர் வழியே ஆங்கிலத்தை அடைந்தது.
வாக்கியம்: டீக் மரத்தாலான கதவு பல மழைக்காலங்களைக் கண்டும் உளுக்கவில்லை.

மிளகுத்தண்ணீர் – மல்லிகட்டானி: காரச்சுவையுள்ள வடிசாறு வகை. நம் இல்லங்களில் மிளகு மணக்கும் நீர்த்த சாறு. ஆங்கிலேயர் சமையலில் இறைச்சியும் காய்கறியும் சேர்ந்து கெட்டியாயிற்று.
வாக்கியம்: பாட்டி வைத்த மிளகுத்தண்ணீரைப் பருகியதும் சளி இளகியது.

3. ஓர் எச்சரிக்கை

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் சொற்கள் உறவாகிவிடா. பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் 'காசு' என்பதிலிருந்து வந்ததெனப் பலர் கருதுவர். அது பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லின் வழிவந்ததாகும். தென்னிந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு 'கேஷ்' என்பதே நம் காசு. பெருமை கொள்ளும் முன் அகராதியைப் புரட்டிப் பார்த்தல் நன்று.

பயிற்சி

1. 'கிணறு', 'முறம்' ஆகியவற்றுக்கு இனமும் வேறுபாடும் தோன்றப் பொருள்விளக்கம் எழுதுக.
2. ஆங்கிலம் சென்றபின் பொருள் மாறிய இரு சொற்களைப் பாடத்திலிருந்து எடுத்து, மாற்றத்தை விளக்குக.
3. உன் வீட்டில் மட்டும் வழங்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் பொருளும் வாக்கியமும் எழுதுக. அவற்றை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எவ்வாறு வழங்குவர் எனக் குறிப்பிடுக.