மோட்டாரும் சேவுப் பொட்டலமும்



தம்பியோட உடைஞ்ச பொம்மைக் காரிலிருந்து சின்ன டி.சி. மோட்டார் ஒன்றைக் கழற்றினேன். அதன் தண்டில் 1 செ.மீ. ஆரமுள்ள அட்டைச் சக்கரம் மாட்டி, நூல் கட்டி, நுனியில் சேவுப் பொட்டலம் தொங்கவிட்டேன். (நம்ம சாத்தூர்ல சேவுக்கா பஞ்சம்! கடை அண்ணாச்சி தராசில் சரியாக நிறுத்துக் கொடுத்தார்.) 2 பேட்டரி இணைத்து, எடையைக் கூட்டிக் குறைச்சுப் பார்த்ததில், 20 கிராம் பொட்டலம் மேலேயும் போகாம கீழேயும் வராம அந்தரத்தில் நின்னுச்சு.

மோட்டார் சுழற்ற முயலும் பலத்துக்குத் திருப்பு விசை என்று பெயர். விசையை ஆரத்தால் பெருக்க வேண்டும். 20 கிராமின் எடை 0.196 நியூட்டன். ஆரம் 0.01 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 0.002 நியூட்டன் மீட்டர்.

கொஞ்ச நேரத்தில் பொட்டலம் தானாக இறங்கிருச்சு. பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு உடனே புதுசு போட்டேன். அப்பவும் நிற்கல. தொட்டுப் பார்த்தா மோட்டார் சுடுது! ஆறிய பிறகு பழைய பேட்டரியிலேயே மறுபடி நின்னுச்சு.

காரணத்தை அறிவியல் டீச்சர் சொன்னாங்க. மோட்டாரின் திருப்பு விசை அதன் கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும். பேட்டரியின் வோல்ட் அப்படியே இருந்தாலும் ஆம்பியர் குறையும், விசையும் குறையும். ஆகவே நாம் காவல் காக்க வேண்டியது வோல்ட்டை அல்ல, ஆம்பியரை!

மறுநாள் ஆய்வகத்தில் இன்னொரு பேட்டரி சேர்த்து, அம்மீட்டரும் ரியோஸ்டாட்டும் இணைத்தோம். மோட்டார் சூடாகி முள் இறங்கும்போதெல்லாம் ரியோஸ்டாட்டை நகர்த்தி முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தேன். பொட்டலம் அசையவே இல்லை! 10 கிராம் பொட்டலத்துக்கு ஏறக்குறைய பாதி மின்னோட்டமே போதுமானதாக இருந்தது. சரியாகப் பாதி வராததற்கு உராய்வுதான் காரணமாம்.

பெரிய பரிசோதனைக் கூடங்களில் என் கை செய்த வேலையை மின்னணுச் சுற்று செய்கிறது. ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தை அளந்து திருத்தும். பாட்டில் மூடி எவ்வளவு பலத்தில் திறக்கும், திருகு எவ்வளவு தாங்கும் என்றெல்லாம் இப்படிச் சோதிக்கலாம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின் மோட்டார் தயாரித்த கோயம்புத்தூரில், இன்று பம்பு, மோட்டார்களைச் சோதிக்கவே சிட்டார்க் என்ற பரிசோதனைக் கூடம் இருக்கிறது.

கடைசியாக முக்கியமான விஷயம். இந்த மோட்டாருக்குள் உரசும் தகடுகளில் சின்னச் சின்னத் தீப்பொறி வரும். இருட்டில் காற்றுத் துளை வழியாகப் பார்த்தேன், நீலமாகத் தெரிந்தது. நம்மில் பலருடைய அம்மா, அக்கா தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போறாங்க. மருந்து, திரி, தீக்குச்சி இருக்கிற இடத்துப் பக்கம் இந்த மோட்டாரைக் கொண்டு போகவே கூடாது. நின்ற மோட்டாரில் ரொம்ப நேரம் மின்சாரமும் விடாதீங்க, சுருள் கருகிரும்.

செய்து பாருங்க. சோதனை முடிஞ்சதும் பொட்டலத்தை என்ன செய்யணும்னு நான் சொல்லத் தேவையில்லை!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி