டிரோன் மோட்டாரின் வேகத்தை அளக்கும் துடிப்பை உண்டாக்க பேட்டரி தேவையில்லை!

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் கீயை (சில கம்ப்யூட்டர்களில் எஃப்2 கீயை) அழுத்தினால் பயாஸ் திரை வரும். பெரும்பாலான மதர்போர்டுகளில், அதிலுள்ள ஹார்டுவேர் மானிட்டர் பகுதியில், சி.பி.யூ. ஃபேன் 1200 ஆர்.பி.எம். என்பது போல ஓர் எண் இருக்கும். ஃபேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே அது. ஃபேனின் மூன்றாவது வயர் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்புகிறது. விநாடிக்கு 40 துடிப்புகள் என்றால் 20 சுற்றுகள். 60ஆல் பெருக்கினால் 1200. இந்தத் துடிப்புகளைத் தருவது ஃபேனுக்குள் இருக்கும் ஹால் சென்சார். அது வேலை செய்ய மின்சாரம் கொடுக்க வேண்டும்.

டிரோனுக்கும் இதே தேவை உண்டு, இன்னும் அவசரமாக. ஃபேன் நின்றால் கம்ப்யூட்டர் சூடாகித் தானே அணைந்துவிடும். நான்கு மோட்டார் டிரோனில் ஒன்று சோர்ந்தால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது!

கொல்லிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1200 மீட்டர் உயரத்துக்குப் போனால், கடல் மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறைவு. இறக்கைகள் தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருப்பதால், அதே எடையைத் தூக்க மோட்டார் சுமார் 6 சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். மெரினாவில் 6000 சுற்றில் நின்ற டிரோனுக்கு இங்கே ஏறக்குறைய 6360 சுற்று தேவை. பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஏற்கெனவே முழு வேகத்தை நெருங்கி ஓடும் மோட்டாருக்கு இது ஆபத்து.

சரி, அளப்பது எப்படி? சைக்கிள் டைனமோ நினைவிருக்கிறதா? சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831ல் ஃபாரடே கண்டறிந்ததுதான் இதற்கு அடிப்படை. டிரோன் மோட்டாரும் சுற்றும்போது ஒரு டைனமோதான். எதிர்த்திசையில் அது உண்டாக்கும் மின்னழுத்தத்தை பேக் இ.எம்.எஃப். என்பார்கள். மோட்டாரை ஓட்டும் இ.எஸ்.சி. என்ற சிறு போர்டு இதைக் கவனித்தே வேகத்தை அறிகிறது. 14 காந்த முனைகள் உள்ள மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 7 அலைகள். விநாடிக்கு 700 அலைகள் வந்தால் 100 சுற்றுகள், அதாவது 6000 ஆர்.பி.எம். தனி சென்சாரே கிடையாது! ஒரு குறை உண்டு: மோட்டார் நின்றிருந்தால் மின்னழுத்தமும் இல்லை. அதனால் தொடக்கத்தில் சில கணங்கள் இ.எஸ்.சி. கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறது.

இன்னொரு வழி, சீப்பால் தலை வாரியபின் அது காகிதத் துண்டை இழுக்குமே, அந்த உராய்வு மின்சாரம். இதை வைத்துச் சிறு ஜெனரேட்டர் செய்யலாம் என்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் சோங் லின் வாங் குழுவினர் 2012ல் காட்டினர். சுழலும் தட்டில் பிளாஸ்டிக் படலமும் எதிரே உலோகப் பட்டைகளும் இருந்தால், ஒவ்வொரு பட்டையைக் கடக்கும்போதும் ஒரு துடிப்பு கிடைக்கும். துடிப்பை உண்டாக்க பேட்டரி வேண்டாம். எண்ணும் சிப்புக்கு மட்டும் மின்சாரம் போதும். ஆனால் ஈரக்காற்றில் இந்த மின்னூட்டம் கசிந்துவிடும். பனிமூட்டம் இறங்கும் கொல்லிமலையில், மூடி முத்திரையிடாத சென்சார் நிலைக்காது என்பது என் கருத்து. துடிப்பின் உயரம் குறைந்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது ஆறுதல். துடிப்பே தெரியாமல் போனால்தான் சிக்கல்.

டிரோனைச் சொந்தமாகக் கட்டியவர்கள் இந்த எண்ணைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். பீட்டாஃபிளைட் என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்து, டிரோனை யு.எஸ்.பி. கேபிளில் இணையுங்கள். இ.எஸ்.சி. இடம்கொடுத்தால் பைடைரக்ஷனல் டீஷாட் வசதியை ஆன் செய்து, முனைகளின் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுங்கள். 14க்குப் பதில் 12 என்று கொடுத்தால் ஆர்.பி.எம். தவறாகக் காட்டும். பிறகு மோட்டார்ஸ் பகுதிக்குப் போய், நான்கு மோட்டார்களுக்கும் ஒரே அளவு வேகம் கொடுத்து, எது பின்தங்குகிறது என்று பாருங்கள். பேட்டரியை இணைப்பதற்கு முன் நான்கு இறக்கைகளையும் கட்டாயம் கழற்றிவிடவும்.