கதவு யாருக்கு? டூ பெட்ரூம் வீட்டில் இரண்டு கரியர்

சர்ஜாபூர் ரோட்டிலோ ராமமூர்த்தி நகரிலோ ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் ஐடி வேலை. ஸ்கூல் போகும் பிள்ளைகள் இரண்டு. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார். பாத்ரூமை விட்டுவிட்டால் கதவுள்ள அறைகள் இரண்டே இரண்டு. பெங்களூரில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் பிராஞ்ச் ஆபீஸ் இதுதான். இதை யாரும் உட்கார்ந்து பிளான் பண்ணியதில்லை. சம்பளம் அதிகம் வாங்குபவர் பெட்ரூமைப் பிடித்துக்கொள்வார், பிள்ளைகள் டைனிங் டேபிளை எடுத்துக்கொள்வார்கள், மிச்சமிருப்பவர் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து லேப்டாப்பைத் திறப்பார். அந்த மிச்சம் பெரும்பாலும் மனைவிதான்.

வீட்டு விஷயம்தானே, இதில் கரியர் எங்கே வருகிறது என்கிறீர்களா? விப்ரோ 2023 நவம்பரிலிருந்து வாரம் 3 நாள் ஆபீஸ் வரச் சொன்னது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சிலிருந்து மாதம் 10 நாள் என்றது. மற்ற நாட்களில் மேனேஜர் உங்களைப் பார்ப்பது ஸ்க்ரீனில் ஒரு சின்னக் கட்டத்துக்குள்தான். டிசிஎஸ் மாதிரி 2023 அக்டோபரிலேயே வாரம் முழுக்கக் கூப்பிட்டுவிட்ட கம்பெனி என்றாலும், ராத்திரி கிளையன்ட் மீட்டிங்கை வீட்டிலிருந்துதானே எடுக்கிறீர்கள்? பின்னால் துணிக்கொடி தெரிந்தாலோ, நடுவில் குக்கர் விசில் அடித்தாலோ மேனேஜர் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார். அப்ரைசல் சமயத்தில் "ஆள் நல்ல ஆள், கொஞ்சம் டிஸ்ட்ராக்டட்" என்று ஒரு வார்த்தை விழும். அந்த ஒரு வார்த்தையில் பக்கத்து சீட்காரர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். அநியாயம்தான். ஆனால் அதற்காக யாரும் ரேட்டிங்கைத் திருத்தித் தரப்போவதில்லை.

1. சாமான் வாங்குவதற்கு முன்னால் டைம்டேபிள் போடுங்கள்

எல்லோரும் ஆரம்பிப்பது டேபிள் வாங்குவதில். நீங்கள் ஒரு ஏ4 தாளில் ஆரம்பியுங்கள். மேலே காலை 6 முதல் இரவு 11 வரை மணிகள், பக்கவாட்டில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயர். யார் எந்த நேரத்தில் பேசுகிறார்கள், யார் சத்தம் போடுகிறார்கள், யாருக்கு அமைதி வேண்டும் என்று மட்டும் குறியுங்கள்.

மோதல் எங்கே என்று தாளே காட்டிக்கொடுக்கும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. வீட்டுப்பாடம், சாமி விளக்கு, சீரியல், ராத்திரிச் சமையல் எல்லாம் கூடி வருகிற அதே நேரம். அதோடு முடிவதில்லை. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், அதே மீட்டிங் 7.30க்குப் போய்விடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 6.30க்குத் திரும்பும். லண்டன் கிளையன்ட் என்றால் அவருடைய 9 மணி நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. ஆகவே இந்தத் தாளை வருஷத்துக்கு இரண்டு முறை திருத்தி எழுத வேண்டும். இதைச் செய்யாத வீடுகளில்தான் நவம்பர் மாதம் காரணம் தெரியாமல் சண்டை வரும்.

2. கதவை அலாட் பண்ணுங்கள்

வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் கதவுதான். அதைச் சம்பள ஸ்லிப்பைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு யாருக்குப் பேச வேண்டிய கால் அதிகம், யார் ரகசியம் பேசுகிறார் என்று பாருங்கள். எச்.ஆர்., சேல்ஸ், கிளையன்ட் டெமோ இதெல்லாம் இருந்தால் கதவு அவருக்கு. நாள் முழுக்கக் கோடிங், மியூட்டில் ஒரு ஸ்டாண்ட்அப் என்றால் ஹால் மூலை போதும், ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளலாம். வாராவாரம் ஞாயிறு இரவு இரண்டு பேரும் காலண்டரைப் பக்கத்தில் வைத்து, அடுத்த வாரக் கதவைப் பிரித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது இன்டர்வியூ இருந்தால் அன்று பேச்சே கிடையாது, கதவு அவருக்குத்தான்.

மனைவிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. "பரவாயில்லை, நான் கட்டில்லயே உட்கார்ந்துக்கறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லாதீர்கள். இரண்டு வாரத்தில் அது வழக்கமாகிவிடும், இரண்டு வருஷத்தில் உங்கள் ரேட்டிங்கில் தெரியும். உங்களுக்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பேரம் பேசத் தயங்குபவர் ஆபீஸில் ஹைக் கேட்கும்போதும் தயங்குவார் என்பது என் அனுபவம்.

3. வேலை மூலை: செலவு கம்மி, பலன் அதிகம்

நான்கடிக்கு இரண்டடி மேஜை போதும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும், அதனால் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். பின்னால் வெறும் சுவர் அல்லது ஒழுங்கான ஒரு புத்தக ஷெல்ஃப். பின்னணியை மங்கலாக்கும் ஆப்ஷனை நம்பாதீர்கள், குறுக்கே பையன் ஓடினால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஸ்க்ரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். ரவுட்டரிலிருந்து மேஜைக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள், ரவுட்டருக்கென்று ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். பெஸ்காம் கரண்ட் போகும்போது டீமில் பாதிப் பேர் காணாமல் போவார்கள், நீங்கள் மட்டும் பேசிக்கொண்டிருப்பீர்கள். அது ஞாபகத்தில் நிற்கும்.

நாற்காலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். புதிதாக வாங்க பட்ஜெட் இல்லையென்றால் ஃபர்லென்கோ, ரென்டோமோஜோ போன்ற கம்பெனிகள் இந்த ஊரில் வாடகைக்கே தருகின்றன. நாகசந்திரா மெட்ரோவை ஒட்டியிருக்கும் ஐகியாவுக்குக் கிளம்புகிறவர்கள் அளந்து எழுதிய தாளோடு போங்கள். இல்லையென்றால் மெழுகுவர்த்தியும் பூத்தொட்டியும் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

இன்னொன்று, அபார்ட்மென்ட் கேட்டில் யார் வந்தாலும் உங்களைக் கேட்கும் மைகேட் ஆப். பிரசென்டேஷன் நடுவில் "டெலிவரி வந்திருக்கு" என்று போன் அலறும். பார்சலை கேட்டிலேயே விடச் சொல்லும் ஆப்ஷனைப் போட்டுவிட்டு மீட்டிங்கில் உட்காருங்கள்.

4. சமையலறையில் வேலை பார்த்து முன்னுக்கு வந்த இன்ஜினியர்

லில்லியன் கில்பிரெத் என்று ஓர் அமெரிக்க இன்டஸ்ட்ரியல் இன்ஜினியர். 12 பிள்ளைகளைப் பெற்றவர். 1924ல் கணவர் இறந்ததும், பெண் ஒருத்தியிடம் ஃபேக்டரி ஆலோசனை கேட்பதா என்று கிளையன்ட்டுகள் பலர் நழுவினார்கள். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை, மார்க்கெட்டை மாற்றினார். ஃபேக்டரியில் தொழிலாளியின் அசைவை அளந்த அதே முறையைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, அடுப்புக்கும் தொட்டிக்கும் மேடைக்கும் நடுவே நடக்கும் நடையைக் குறைத்துக் காட்டினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி, ஃப்ரிட்ஜ் கதவின் உள்தட்டுகள் எல்லாம் அவர் யோசனை என்பார்கள். 1935ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். இத்தனைக்கும் சமையல் அவருக்குக் கைவராத வேலை.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? அடிக்கடி எடுப்பதெல்லாம் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில். டிஃபன் டப்பா, வாட்டர் பாட்டில், ஸ்நாக்ஸ் மூன்றும் ஒரே தட்டில், காலையில் ஒரே இடத்தில் நின்று பேக் பண்ணும்படி. மிக்ஸியை யுடிலிட்டிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு அரைக்கலாம். ஆனால் எதையும் மாமியாரைக் கேட்காமல் நகர்த்தாதீர்கள். பகலில் அந்த யூனிட்டின் மேனேஜர் அவர்தான். "அத்தை, எனக்கு 11 மணிக்குக் கால் இருக்கு, குக்கர அதுக்கு முன்னாடி வெச்சுடலாமா?" என்று முதல் நாள் இரவே கேட்டுப் பாருங்கள். கேட்ட விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். மீட்டிங் நடுவில் கையசைத்து "ஷ்ஷ்" என்றால் அன்று முழுக்க உங்களுக்குக் காபி கிடையாது.

5. பிள்ளைகள் மூலை

குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தவர். அவர் முறையில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த ஷெல்ஃப். இரண்டு, விளையாடும் இடத்தைக் காட்டும் ஒரு பாய். பாயை விரித்தால் அது விளையாட்டு இடம், சுருட்டி வைத்தால் மறுபடி ஹால். பாய் நம் வீட்டில் எப்போதும் இருந்ததுதான், காசு செலவில்லை.

இதன் கரியர் கணக்கைச் சொல்கிறேன். கலர் பென்சில் எடுத்துக்கொடு, அந்த டப்பாவை இறக்கிக்கொடு என்று ஒவ்வொரு முறையும் "அம்மா" என்று குரல் வந்தால், அது உங்கள் மைக்கிலும் போகிறது. தானே எடுத்து, தானே திரும்ப வைக்கிற பிள்ளை உங்களுக்கு ஒரு மணி நேரம் சம்பாதித்துத் தருகிறது. வீட்டுப்பாடத்துக்கு டைனிங் டேபிளே சரி, ஆனால் புத்தகப் பை அதற்குப் பக்கத்திலேயே தொங்கட்டும்.

6. ராத்திரி பத்து நிமிஷம்

பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலை இருக்கிறது. ஜப்பான்காரர்களின் 5எஸ் முறையை இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் எந்த இன்ஜினியரிடம் கேட்டாலும் சொல்வார்: தேவையில்லாததைக் கழி, இருப்பதற்கு இடம் கொடு, துடை, எல்லோருக்கும் ஒரே முறை வை, விடாமல் செய். ஆலையில் ஷிப்ட் முடியும்போது ஸ்பானர் அதன் இடத்துக்குத் திரும்பும். வீட்டில் ஷிப்ட் முடிவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. சார்ஜர், ஹெட்செட், ஐடி கார்டு, வண்டிச் சாவி எல்லாம் வாசல் பக்கத்து ட்ரேயில். டிராபிக்கை அளக்கும் டாம்டாம் கம்பெனியின் கணக்குப்படி 2024ல் இந்த ஊரில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 34 நிமிஷம். ஆபீஸ் போகும் நாளில் ஐடி கார்டைத் தேடி 5 நிமிஷம் தாமதமானால், சில்க் போர்டு ஜங்ஷன் டிராபிக் உங்களிடம் வட்டியோடு வசூலித்துவிடும்.

வீடு மாறப்போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், வார நாளில் சாயங்காலம் 6.30க்கு அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள். சுவர் ஓரமாகப் பிளக் பாயின்ட் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த பில்டிங்குக்குள் எந்தெந்த இன்டர்நெட் கம்பெனி வருகிறது என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள், சில அபார்ட்மென்ட்டில் ஒன்றுதான் வரும். இரண்டு அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு ஃப்ரெண்டுக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தால் ஓனரிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.