தலைநகரில் கூடிக் களிக்கும் இடங்கள்

நுழையும்முன்

வீடுகளும் சாலைகளும் அலுவலகங்களும் மட்டும் இருந்தால் ஒரு நகரம் நிறைவு பெறாது. மக்கள் கூடி உண்ணவும் உரையாடவும் விளையாடவும் இடங்கள் வேண்டும். தில்லி மாநகரில் அண்மைக் காலத்தில் உருவான அத்தகைய சில இடங்களை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது. ஓர் இடத்தை நல்ல இடம் என்று எவ்வாறு மதிப்பிடுவது என்பதையும் எண்ணிப் பார்க்கச் செய்கிறது.

நாளங்காடியும் அல்லங்காடியும்

பழந்தமிழ் நகரங்களில் பகலில் இயங்கிய கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் இயங்கிய கடைத்தெருவை அல்லங்காடி என்றும் அழைத்தனர். மதுரை நகரின் இவ்விரண்டு அங்காடிகளையும் மதுரைக்காஞ்சி என்னும் சங்க நூல் விரிவாகக் காட்டுகிறது. பொருள் வாங்குவதற்கு மட்டுமன்றி, உண்பதற்கும் வேடிக்கை பார்ப்பதற்கும் உறவினரைக் காண்பதற்கும் மக்கள் அங்குத் திரண்டனர்.

தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இச்சொற்கள் புதியனவாக இருக்கலாம். அவை குறிக்கும் காட்சி புதியது அன்று. மாலையில் விளக்கு ஏற்றியபின் கரோல் பாகிலோ லாஜ்பத் நகரிலோ நடந்து செல்வோர் காண்பது அல்லங்காடியே ஆகும்.

மூன்று வினாக்கள்

புதிய இடம் ஒன்று திறக்கப்படும்போது அதன் விளக்கொளியும் வண்ணமும் முதலில் கண்ணைக் கவரும். ஆனால், அழகை மட்டும் கொண்டு ஓர் இடத்தை மதிப்பிட இயலாது. அவ்விடத்தில் முன்பு என்ன இருந்தது? இப்போது அங்கு யார் யார் நுழைய முடியும்? அங்கு ஏற்கெனவே பிழைப்பு நடத்தியவர்கள் என்ன ஆனார்கள்? இம்மூன்று வினாக்களையும் கேட்டுப் பார்த்தால் அவ்விடத்தின் உண்மையான தன்மை விளங்கும்.

கால்வாயின் மேல் ஒரு சந்தை

தெற்குத் தில்லியில் ஐ.என்.ஏ. பகுதியில் 1994ஆம் ஆண்டு தில்லி ஹாட் திறக்கப்பட்டது. ‘ஹாட்’ என்னும் இந்திச் சொல் கிராமத்துச் சந்தையைக் குறிக்கும். கைவினைஞர்களின் நலனுக்காக உழைத்த ஜெயா ஜெயிட்லி இத்தகைய சந்தை ஒன்று நகரில் வேண்டும் என்று முன்மொழிந்தார். இச்சந்தைக்கெனப் புதிய நிலம் எதுவும் கையகப்படுத்தப்படவில்லை. கழிவுநீர் ஓடிய கால்வாய் ஒன்றை மூடி, அதன் மேற்பரப்பிலேயே சந்தையை அமைத்தனர். மூக்கைப் பொத்திக்கொண்டு மக்கள் கடந்து சென்ற இடம், விரும்பி வந்து அமரும் இடமாக மாறியது.

இங்குக் கைவினைஞர்களுக்குக் கடைகள் நிலையாக வழங்கப்படுவதில்லை. சுழற்சி முறையில் 15 நாள்களுக்கு ஒருமுறை கடைகள் கைமாறுகின்றன. ஒரு மாதம் மண்பாண்டம் கண்ட இடத்தில் அடுத்த மாதம் நெசவுத் துணியைக் காணலாம். இடைத்தரகர் இல்லாததால், பொருளைச் செய்தவரே அதன் விலையைப் பெறுகிறார். பல மாநிலங்களின் உணவுக்கடைகளும் இங்கு உள்ளன. வடகிழக்கு மாநிலக் கடைகளில் ஆவியில் வேகும் மோமோவும், பீகார் கடையில் சுட்ட லிட்டியும் சோக்காவும் கிடைக்கின்றன. உள்ளே செல்லச் சிறு கட்டணம் உண்டு. பிதம்புராவிலும் ஜனக்புரியிலும் பின்னர் இதே பெயரில் மேலும் இரண்டு சந்தைகள் எழுந்தன.

நாற்றங்கால் பூங்காவாகிய கதை

1911ஆம் ஆண்டு இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. புதிய தலைநகரின் அகன்ற சாலைகளுக்கு நிழல்மரங்கள் தேவைப்பட்டன. அதற்கான கன்றுகளை வளர்ப்பதற்கு உமாயூன் கல்லறையை அடுத்து ஒரு நாற்றங்கால் அமைக்கப்பட்டது. அதுவே சுந்தர் நர்சரி. தில்லியின் சாலைகளில் இன்று நிழல் தரும் மரங்களின் வரலாற்றில் இந்நிலத்திற்கும் பங்கு உண்டு.

காலப்போக்கில் இந்நிலம் கவனிப்பாரற்றுப் போயிற்று. உள்ளே இருந்த முகலாயர் காலக் கட்டடங்கள் சிதைந்தன. 2007ஆம் ஆண்டு ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, அரசுத் துறைகளுடன் இணைந்து சீரமைப்பைத் தொடங்கியது. கல்தச்சர்களும் சுண்ணச்சாந்து வேலை அறிந்த கொத்தர்களும் தோட்டக்காரர்களும் பல ஆண்டுகள் உழைத்தனர். 2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இப்பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புள்ள இப்பூங்காவில் 300க்கும் மேற்பட்ட மரவகைகள் உள்ளன. மயில்கள் அச்சமின்றி உலவுகின்றன. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் புல்வெளியில் போர்வை விரித்து அமர்ந்து வெயில் காய்கின்றன. பூங்காவில் சிற்றுண்டிச்சாலை உண்டு. ஆயினும், வீட்டிலிருந்து கொண்டு வந்ததைப் பகிர்ந்து உண்போரே பலர். பயணத்திற்கெனக் கட்டிக்கொண்டு செல்லும் உணவைத் தமிழில் கட்டுச்சோறு என்பர். புளியோதரையும் தயிர்ச்சோறும் தமிழ்க் குடும்பங்களின் கட்டுச்சோற்றில் தவறாமல் இடம்பெறும்.

இரும்புக் கழிவில் ஏழு அதிசயங்கள்

சராய் காலே கான் அருகே 2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தெற்குத் தில்லி மாநகராட்சி ஒரு பூங்காவைத் திறந்தது. ‘வேஸ்ட் டு வொண்டர்’ என்பது அதன் பெயர். கழிவு அதிசயமாக மாறியது என்பதே அப்பெயரின் கருத்து. தாஜ்மகால், எகிப்தின் பிரமிடு, பாரிசின் ஈபிள் கோபுரம், பைசாவின் சாய்ந்த கோபுரம், உரோமின் கொலோசியம், நியூயார்க்கின் சுதந்திரதேவி சிலை, பிரேசிலின் மீட்பர் கிறித்து சிலை ஆகிய ஏழின் மாதிரிகளும் இங்கு நிற்கின்றன.

அருகில் சென்று உற்றுநோக்கினால்தான் அவற்றின் உண்மையான சிறப்புப் புலப்படும். மிதிவண்டியின் பற்சக்கரம், உடைந்த குழாய், ஊர்திகளின் உதிரிப் பாகம், பழைய பூங்கா இருக்கையின் கம்பி எனக் கிடங்குகளில் துருப்பிடித்துக் கிடந்தவை கோபுரங்களாகவும் சிலைகளாகவும் உருமாறியுள்ளன. இதற்கு ஏறத்தாழ 150 டன் இரும்புக் கழிவு பயன்பட்டது. பூங்காவின் விளக்குகளுக்குச் சூரிய ஆற்றல் உதவுகிறது. திறக்கப்பட்டபோது, நுழைவுக் கட்டணத்திலிருந்து மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. யார் நுழைய முடியும் என்னும் இரண்டாம் வினாவுக்கு இது நல்லதொரு விடையாகும்.

ஊர்திகள் விலகிய தெரு

பழைய தில்லியின் சாந்தினி சவுக், 1650ஆம் ஆண்டளவில் ஷாஜகானின் மகள் ஜகனாராவின் திட்டப்படி உருவானது. ‘சாந்தினி’ என்றால் நிலவொளி. தெருவின் நடுவே நீரோடை ஓடியது. நடுச்சதுக்கத்தின் குளத்தில் நிலவு ஒளிர்ந்ததால் இப்பெயர் வந்தது என்பர். பிற்காலத்தில் நீரோடை மறைந்தது. ஊர்திகளின் நெரிசல் பெருகியது. நடப்பவருக்குக் கால் வைக்கவும் இடம் இல்லாமற்போயிற்று.

செங்கோட்டையிலிருந்து பதேபுரி மசூதி வரையிலான தெரு புதுப்பிக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் ஊர்திகள் இத்தெருவில் செல்லக்கூடாது என்று விதிக்கப்பட்டது. பராத்தா விற்கும் சந்தும், சூடான ஜிலேபிக் கடையும் முன்பே இருந்தவைதாம். அவற்றை நோக்கி அமைதியாக நடந்து செல்லும் வாய்ப்புத்தான் புதியது. குளிர்காலத்தில் மட்டும் ‘தௌலத் கி சாட்’ என்னும் இனிப்பு இப்பகுதியில் கிடைக்கும். பாலைக் கடைந்து எடுத்த நுரையால் செய்யப்படுவதால், வெயில் ஏறினால் அது அடங்கிவிடும்.

இங்குதான் மூன்றாம் வினா எழுகிறது. புதுப்பிக்கப்பட்ட முதன்மைச் சாலை, தெருவோர வணிகம் செய்யக்கூடாத பகுதியாகும். நடப்பவருக்கு இடம் கிடைத்தது. தலையில் தட்டும் தோளில் கூடையுமாக விற்றுவந்த எளியவருக்கு இடம் சுருங்கியது. நடைபாதை தடையின்றி இருக்க வேண்டும் என்பதும் நியாயம். தட்டில் இருப்பதை விற்றால்தான் அன்றைய அடுப்பு எரியும் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவதே நகரை ஆள்வோரின் முன் உள்ள கடினமான பணி.

தெருவோர வியாபாரிகளின் உரிமை

இப்பணிக்கு வழிகாட்ட நாடாளுமன்றம் 2014ஆம் ஆண்டில் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை அவர்களை அப்புறப்படுத்தக்கூடாது. எங்கு விற்கலாம், எங்கு விற்கக்கூடாது என்பன பற்றி ஆராயும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும்.

தில்லியின் தெருவோர வியாபாரிகளுள் பலர் பிழைப்புத் தேடி வேற்றூரிலிருந்து வந்தவர்கள். வேலையின் பொருட்டுத் தமிழ்க் குடும்பங்களும் அவ்வாறே வந்தன. கரோல் பாக் போன்ற பகுதிகளில் இட்லியும் சாம்பாரும் தந்த சிறிய உணவு விடுதிகள், ஊரை விட்டு வந்த தமிழர்கள் கூடிப் பேசும் இடங்களாகவும் விளங்கின. வந்தவருக்கு உட்கார ஓர் இடமும் உண்ண ஒரு வாய் உணவும் தந்த நகரமே அவருக்குச் சொந்த நகரம் ஆகிறது. கோல்கப்பா விற்பவருக்கும் இது பொருந்தும்.

உண்போர் கடமை

இடம் நன்றாக நிலைப்பது அங்கு வருவோரைப் பொறுத்தது. பதிவு பெற்ற உணவுக்கடை ஒவ்வொன்றுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழங்கிய 14 இலக்க எண் உண்டு. கடையிலோ விலைச்சீட்டிலோ அதைக் காணலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழித் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவை 2022ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன. அவற்றுக்கு மாற்று நம்மிடம் முன்பே உள்ளது. தில்லியில் ‘தோனா’ எனப்படும் இலைக்கிண்ணம் தமிழில் தொன்னை எனப்படும். ‘குல்ஹட்’ என்பது மண்குவளை. இலையும் மண்ணும் மீண்டும் மண்ணோடு சேர்ந்துவிடும்.

கால்வாய் சந்தையானது, நாற்றங்கால் பூங்காவானது, இரும்புக் கழிவு கோபுரமானது. ஒதுக்கப்பட்டதைப் பயனுள்ளதாக மாற்றும் ஆற்றல் நகரத்திற்கு உண்டு என்பதை இவை காட்டுகின்றன. இடத்தை மாற்றும்போது எந்த மனிதரும் ஒதுக்கப்படாமல் இருந்தால், அந்நகரின் மகிழ்ச்சி அனைவருக்கும் உரியதாகும்.

சொல்லும் பொருளும்

அங்காடி – கடைத்தெரு
அல் – இரவு
நாற்றங்கால் – கன்றுகளும் நாற்றுகளும் வளர்க்கும் இடம்
கட்டுச்சோறு – பயணத்திற்கெனக் கட்டி எடுத்துச் செல்லும் உணவு
தொன்னை – இலையால் செய்த கிண்ணம்
நெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. இரவில் இயங்கும் கடைத்தெரு ________. (நாளங்காடி / அல்லங்காடி / நாற்றங்கால்)
2. தில்லி ஹாட் ________ மீது அமைக்கப்பட்டது. (மலை / மூடிய கால்வாய் / பழைய கோட்டை)
3. சுந்தர் நர்சரி மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஆண்டு ________. (1994 / 2018 / 2021)

ஆ. பிரித்து எழுதுக.
1. நாளங்காடி 2. அல்லங்காடி 3. கழிவுநீர் 4. கட்டுச்சோறு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தில்லி ஹாட்டில் 15 நாள்களுக்கு ஒருமுறை கடைகள் கைமாறுவதால் கைவினைஞர்களுக்கு விளையும் நன்மை யாது?
2. ‘தௌலத் கி சாட்’ குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது ஏன்?
3. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருத்தல் ஏன் தேவை?

ஈ. சிந்தித்து எழுதுக.
சாந்தினி சவுக்கில் நடப்பவருக்கும் இடம் வேண்டும். விற்பவருக்கும் இடம் வேண்டும். இருவரும் பயன்பெற நீங்கள் கூறும் வழி யாது? ஐந்து தொடர்களில் எழுதுக.

உ. செயல் திட்டம்
நீங்கள் வாழும் பகுதியில் அண்மையில் திறக்கப்பட்ட பூங்கா, சந்தை, உணவுக்கடை ஆகியவற்றுள் ஒன்றைப் பெற்றோருடன் சென்று காண்க. பாடத்தில் உள்ள மூன்று வினாக்களையும் அங்குப் பணிபுரிவோரிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு, கிடைத்த விடைகளை வகுப்பில் தமிழில் எடுத்துரைக்க.