வெயிலுக்கு வரி இல்லை, பேனலுக்கு உண்டு



வெயில் நமக்கு இலவசம். அதைப் பிடித்து மின்சாரமாக்கும் பேனல் இலவசம் அல்ல. வளரும் நாடு ஒன்று அந்தப் பேனலை வெளிநாட்டிலிருந்து மலிவாக வாங்குவதா, வரி போட்டு உள்நாட்டிலேயே செய்வதா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. நம் நாடே இதற்கு நல்ல உதாரணம்.

2010-ல் மத்திய அரசு ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய மின் திட்டத்தைத் தொடங்கியது. சிலிக்கான் பேனல் என்றால் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. ஆனால் ‘தின் ஃபிலிம்’ வகைக்கு விதிவிலக்கு தந்தது. மின் நிலையம் அமைத்த பலர் அந்த வகையை இறக்குமதி செய்துகொண்டார்கள். வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்துவைத்த கதைதான்! அமெரிக்கா 2013-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2016-ல் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது.

அடுத்து வந்தது வரி. 2018 ஜூலையில் சீனா, மலேசியா சரக்குக்கு 25 சதவீதப் பாதுகாப்பு வரி. 2022 ஏப்ரல் 1-ல் பேனலுக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் சுங்க வரி நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் பாடம் இருக்கிறது. பேனல் ஐந்து படிகளில் உருவாகிறது: பாலிசிலிக்கான், இங்காட் எனும் பாளம், வேஃபர் எனும் மெல்லிய வில்லை, செல், கடைசியில் பேனல். கடைசிப் படிக்கு அதிக வரி என்றால், செல்லை இறக்குமதி செய்து இங்கே கோத்து விற்பதே லாபம். பேனல் ஆலைகள் பெருகின. செல்லும் வேஃபரும் பின்தங்கின. முந்தைய படிகளையும் இங்கே கொண்டுவர அரசு 2021-ல் 4,500 கோடி, 2022-ல் 19,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது.

இதை எங்க அப்பாவிடம் சொன்னேன். “வரி போட்டா மோட்டாருக்கு வைக்கிற பேனல் விலை ஏறுமேடா, சம்சாரி தலையிலதானே விழும்?” என்றார். பள்ளிக்கூடம் போகாதவர் கேட்ட கேள்வி, பொருளாதாரத்தின் மையக் கேள்வி. ஏறும் விலையைத் தருபவர் அவர். கிடைக்கும் வேலை, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னைப் போன்றவனுக்கு. அந்த வேலை வராவிட்டால் அவர் கொடுத்தது வீண்.

வரி என்பது நாற்றங்காலுக்குப் போடும் வேலி. வேலி மட்டும் விளைச்சல் தராது. வரிக்கு ஒரு கெடு வேண்டும். அந்தக் கெடுவுக்குள் செல் செய்யும் கைத்திறன் நமக்கு வர வேண்டும். நம் பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு செய்முறைப் பாடம் கேட்போம், தோழர்களே!