படங்களுக்குப் பெயர் வைப்போம்

ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அப்பளம், வடாம், காப்பிப் பொடியோடு நாலைந்து வி.சி.டி.க்களும் பெட்டியில் ஏறிய காலம் ஒன்று உண்டு. அந்தத் தட்டுகள் இன்று நம் அலமாரிகளில் தூங்குகின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மென்பொருள் மூலம் வீட்டு டி.வி.யில் பார்க்கலாமா என்று அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் பாதி வேலை பெயர் வைப்பதில்தான் இருக்கிறது.

ஆபத்து ஏற்றும்போதே தொடங்குகிறது. எந்த வி.சி.டி.யைத் திறந்தாலும் படம் இருக்கும் ஃபைலின் பெயர் பெரும்பாலும் 'ஏவிசெக்01.டாட்' என்றே இருக்கும். எந்தப் படமானாலும் சரி, முதல் தட்டோ இரண்டாம் தட்டோ, பெயர் ஒன்றே. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் ஏற்றினால் முன்னதை அழித்துவிட்டுப் பின்னது உட்கார்ந்துகொள்ளும். 'மாற்றட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்யும். அவசரத்தில் நாம் 'சரி' என்று தட்டிவிடுவோம். அடியேன் இப்படித்தான் ஒரு பழைய படத்தின் முற்பாதியை இழந்தேன். தட்டுகளையும் அதற்குள் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று! ஆகவே ஒரு தட்டு ஏறியதும் பெயரை மாற்றிய பிறகே அடுத்ததைப் போடுங்கள்.

பெயர் வைக்கும் முறை எளிது. படத்தின் பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குள் வெளியான ஆண்டு. அதே பெயரில் ஒரு ஃபோல்டர், அதனுள் அந்தப் படம். இரண்டு தட்டுப் படமானால் இரண்டையும் அதே ஃபோல்டரில் வைத்து, பெயரின் இறுதியில் ஒரு சிறு கோடிட்டு 'பார்ட்1', 'பார்ட்2' என்று ஆங்கில எழுத்தில் சேர்க்கவும். டாட் ஃபைலைச் சில மென்பொருள்கள் படமாகவே மதிப்பதில்லை, அதை எம்.பி.ஜி.யாக மாற்றிவிடுவது நல்லது.

ஆண்டு எதற்கு என்று கேட்பீர்கள். மென்பொருள் நம் பெயரை இணையத்திலுள்ள திரைப்படப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் சுவரொட்டியையும் கதைச் சுருக்கத்தையும் கொண்டுவருகிறது. 'பில்லா' என்று மட்டும் எழுதினால் 1980இல் வந்த ரஜினி படமா, 2007இல் வந்த அஜித் படமா? 'மாப்பிள்ளை' 1989இலும் உண்டு, 2011இலும் உண்டு. 'விக்ரம்' இன்னும் வேடிக்கை: 1986, 2022 இரண்டிலும் கமலே நாயகன். பாட்டி பழையதைக் கேட்க, பேரன் புதியதைப் போட, அன்றைய மாலை வீணாகும்.

ஆண்டும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. 'மாயா பஜார்' 1957இல் தமிழ், தெலுங்கு இரண்டிலும் எடுக்கப்பட்டது. தமிழில் அபிமன்யு ஜெமினி கணேசன். தெலுங்கில் நாகேஸ்வர ராவ். இத்தகைய படங்களுக்கு ஐ.எம்.டி.பி. எண்ணையும் பெயரோடு சேர்க்கலாம். அந்த எண்ணை ஜெல்லிஃபின் சதுர அடைப்புக்குள் எதிர்பார்க்கும், பிளெக்ஸ் நெளிவு அடைப்புக்குள்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'தில்லானா'வுக்கு 'டி' மட்டும் போதுமா, 'ஹெச்' வேண்டுமா என்று வீட்டில் சண்டை வேண்டாம். பட்டியலில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். 'பொன்னியின் செல்வன்' போல முக்காற்புள்ளி வரும் பெயர்களில் அதை விட்டுவிடவும், விண்டோஸ் ஏற்காது. அதன் இரு பாகங்களும் (2022, 2023) தனித்தனிப் படங்கள், எனவே தனித்தனி ஃபோல்டர்கள்.

இங்கே பிறந்த குழந்தைகளுக்காக ஆங்கில சப்டைட்டில் வைத்திருந்தால், அந்த ஃபைலுக்கும் படத்தின் பெயரையே முழுதாக இட்டு, புள்ளி வைத்து 'இ.என்.' என்று எழுதிவிட்டால் போதும், தமிழுக்கு 'டி.ஏ.'

கல்யாண வீடியோ, சீமந்த வீடியோ எல்லாவற்றையும் சினிமாவோடு கலக்காமல், வீட்டு வீடியோக்கள் என்று தனிப் பகுதி தொடங்கி அதில் வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கல்யாணத்தின் மேல் ஏதோ ஒரு சினிமாவின் சுவரொட்டி வந்து ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் எழுதினால் தாமே வரிசையாக நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, ஒவ்வொரு படத்தையும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை தட்டுகள் அலமாரியிலேயே இருக்கட்டும்.